கீழடிக் கரியும் ஜெர்மனி ஓக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழடி என்றதும் ‘அமெரிக்க ஆய்வகமே சொல்லிவிட்டது’ என்று ஒரு தரப்பும், ‘நம் மண்ணின் வயதை வெளிநாட்டான் ஏன் சொல்ல வேண்டும்’ என்று இன்னொரு தரப்பும் கிளம்பிவிடுகின்றன. குழியில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் மயாமியிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குக் கீழடியின் நான்காம் கட்ட அகழாய்விலிருந்து 6 கரி மாதிரிகள் போயின. அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580 என்ற காலம் கிடைத்தது. கரியில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை முடுக்கி என்ற கருவியால் அளந்து வயது காணும் இந்த முறைக்குச் சில மில்லிகிராம் கரியே போதும். மாதிரி சிறியது என்பதால் சிறு கலப்படமும் கணக்கைக் கெடுத்துவிடும். கீழடியில் குழி தோண்டும் பள்ளிச்சந்தைத் திடலோ தென்னந்தோப்பு. நூல் போன்ற வேர் கரிக்குள் ஓடியிருக்கும். 2,600 ஆண்டுப் பழைய கரியில் இன்றைய கார்பன் 5 சதவீதம் கலந்தால் வயது சுமார் 150 ஆண்டு குறைந்துவிடும். ஆகவே கை படாமல் எஃகு இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, குழி எண்ணும் ஆழமும் எழுதிய உறையில் போட வேண்டும். பஞ்சு கூடாது, செய்தித்தாளும் (தங்கள் நாளிதழ் உட்பட) கூடாது, காகிதமும் கார்பன்தானே! ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஆய்வகத்தில் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவுவார்கள்தான். ஆனால் எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்பு தவறாக இருந்தால், அதை எந்த அமிலமும் சரிசெய்யாது.

கரியைவிடத் தானியம் நல்லது. முதிய மரத்தின் வைரம் (உள்கட்டை) எரிந்த கரி, அடுப்பு மூட்டிய நாளைவிட நூறு ஆண்டு மூத்த வயதைக்கூடக் காட்டும். நெல் ஒரு போகத்துப் பயிர். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஈமத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு வந்த கி.மு. 1155ஐ இந்த வகையில் நம்பலாம்.

கருவி தருவது நேரடி ஆண்டு அல்ல. அயர்லாந்து, ஜெர்மனி ஓக் மரங்களின் ஆண்டு வளையங்கள் முதலானவற்றை வைத்துப் பல நாட்டார் சேர்ந்து போட்ட வளைவோடு ஒப்பிட்டுத்தான் ஆண்டு கணிக்கப்படுகிறது. டெல்லியில் அளந்தாலும் அதே ஓக்தான்! அந்த வளைவு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. வளைவோடு ஒப்பிடும் முன் கரியின் வயது 2450±30 ஆண்டு என்று வந்தால், கி.மு. 750க்கும் 410க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கீழடியின் காலமும் இந்தத் தட்டைக்குள்தான் வருகிறது.

டெல்லியிலும் அகமதாபாத்திலும் இதற்கான முடுக்கிகள் இருக்கின்றன. ஒரே கரித்துண்டை இரண்டாக உடைத்து, ஒன்றை அங்கும் மற்றதை மயாமிக்கும் அனுப்புவதே முறை. 2025இல் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை அறிக்கைக்கு மயாமி, லக்னோ, அகமதாபாத் என மூன்று இடங்களில் சோதித்தார்கள். கீழடியிலும் அப்படிச் செய்யட்டும். நாளிதழ்களும் ‘கி.மு. 580’ என்று மட்டும் போடாமல், கால வீச்சையும் மாதிரிக்கு ஆய்வகம் தந்த எண்ணையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அகழாய்வுப் பணியில் இருப்போர்,
மதுரை.