64 ஜிபி எப்படி 59 ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 64 ஜிபி என்று போட்டிருக்கும் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினால் 59 ஜிபி என்று ஏன் காட்டுகிறது என ஒரு வாசகர் கேட்டிருந்தார். மீதி இடத்தைப் பென் டிரைவின் சிஸ்டம் ஃபைல்கள் எடுத்துக்கொள்கின்றன என்று பதில் வந்திருந்தது. நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவன். எங்கள் தொழிலில் இருக்கும் பலரும் வாடிக்கையாளரிடம் இதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள். கேட்பவருக்கும் சரி என்று படும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது.

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணைக்குப் பென் டிரைவில் கொஞ்சம் இடம் வேண்டும், வாஸ்தவம். ஃபைல்களை அடுக்கிவைக்க எக்ஸ்ஃபேட், ஃபேட்32 என்று முறைகள் உண்டு. 64 ஜிபி பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் அதற்குப் போவது சில எம்பி. ஃபேட்32 முறையில் அட்டவணையை இரண்டு பிரதியாக வைப்பதால் சுமார் 16 எம்பி ஆகலாம். வாசகர் கேட்டதோ 4 ஜிபிக்கு மேல் எங்கே போனது என்று. ஒரு ஜிபிக்குச் சுமார் ஆயிரம் எம்பி. 16 எம்பியைக் காட்டி 4 ஜிபிக்குக் கணக்கு எழுத முடியுமா?

விஷயம் இதுதான். சேமிப்பை எண்ணும் அடிப்படை அலகு பைட். தயாரிப்பவர் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். 64 ஜிபி என்றால் 6,400 கோடி பைட். விண்டோஸ் கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு கட்டத்திலும் 1,024 மடங்காக எண்ணிக்கொண்டு போவதால் அதற்கு ஒரு ஜிபி என்பது 107.37 கோடி பைட். 6,400ஐ 107.37ஆல் வகுத்தால் 59.6 வரும். எங்கள் பக்கத்தில் முன்பு ஊருக்கு ஊர் படி வேறாக இருந்ததாம். பெரிய படியால் அளந்தால் படிக்கணக்கு குறையுமே தவிர நெல் குறையாது. இதுவும் அப்படித்தான். நம்பிக்கை வராதவர்கள் பென் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து பார்க்கட்டும். ஜிபி கணக்குக்குப் பக்கத்திலேயே மொத்த பைட் எண்ணிக்கையும் இருக்கும். அதே பென் டிரைவை ஆப்பிள் மேக்கில் செருகினால் 64ஐ ஒட்டியே காட்டும். 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பிலிருந்து மேக் ஆயிரம் மடங்குக் கணக்குக்கு மாறிவிட்டது.

இதில் யார் சரி என்று கேட்டால், என் கட்சி தயாரிப்பாளர் பக்கம். கிலோ என்றால் ஆயிரம். 1,024 மடங்குக்குத் தனியாகக் கிபி, மெபி, கிபி... என்று பெயர்களை 1998லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் கொடுத்துவிட்டது (கிலோவுக்கும் கிகாவுக்கும் உரியவை தமிழில் ஒரே மாதிரி எழுதப்படுவது நம் துரதிர்ஷ்டம்). விண்டோஸ்தான் அந்தப் பெயர்களை எடுத்துக்கொள்ளாமல் இன்னும் ஜிபி என்றே போடுகிறது. பழைய ஃபிளாப்பியைக் கேட்கவே வேண்டாம். 1.44 எம்பி என்று எழுதியிருப்பார்கள். அதில் இருந்தது 14,74,560 பைட். 1.44ஐ ஒரு முறை ஆயிரத்தாலும் ஒரு முறை 1,024ஆலும் பெருக்கினால்தான் இந்த எண் வரும். இரண்டு கட்சியிலும் சேராத கணக்கு!

அளவு ஏற ஏற இந்த வித்தியாசமும் ஏறும் என்பதையும் அந்தப் பதிலில் சொல்லியிருக்கலாம். எம்பியில் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஜிபியில் 7 சதவீதத்தை ஒட்டி, டிபியில் 9 சதவீதம். அதனால்தான் 1 டிபி ஹார்டு டிஸ்கை, ஒரு டிபிக்கு 1,024 ஜிபி என்று எண்ணும் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும்போது ஜனங்கள் பதறிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இது கோர்ட்டு வரைக்கும் போனது. ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006இலும் சீகேட் 2007இலும் வழக்குத் தொடுத்தவர்களோடு சமரசம் செய்துகொண்டன. பென் டிரைவ் தொடர்பாகச் சான்டிஸ்க் மீது போடப்பட்ட வழக்கைக் கலிஃபோர்னியா நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தது காரணம். நம் ஊரில் விற்கும் பாக்கெட்டுகளிலும் அந்த வரி இருக்கிறது. கடுகு எழுத்தில், ஆங்கிலத்தில்.

ஆனால் தயாரிப்பாளருக்கு முழுச் சான்றிதழும் கொடுத்துவிட மாட்டேன். 59.6 என்பது வெறும் கணக்கு. கடைக்கு வரும் 64 ஜிபி பென் டிரைவ்கள் பலவற்றில் 57, 58 என்றுதான் காட்டும். 59.6க்கும் கீழே போகும் இந்தக் குறைவு உண்மையான குறைவு. ஃபிளாஷ் சிப்பில் சில பகுதிகள் பிறக்கும்போதே பழுதாக இருக்கும், இன்னும் சில எழுதி அழித்து எழுதித் தேயும். அவற்றுக்கு மாற்றாகச் சிப்பில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வைக்கிறார்கள். ஒதுக்குவது நல்லதற்குத்தான். ஒதுக்கியது போக எத்தனை பைட் கிடைக்கும் என்பதைப் பாக்கெட்டில் பெரிதாகப் போடலாமே! நிகர அளவு என்ற இடத்தில் ‘1 எண்ணம்’, அதாவது ஒரு உருப்படி, என்று அச்சடித்துவிட்டுப் போகிறார்கள். பென் டிரைவ் ஒன்றுதான் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது.

இதையெல்லாம்விட, இடம் இருக்கும்போதே இடம் இல்லை என்று வருகிற புகார்கள்தான் எங்களிடம் அதிகம். கல்யாண வீடியோ 6 ஜிபி, பென் டிரைவில் 30 ஜிபி காலி, ஆனாலும் ஏற மறுக்கிறது. ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதுதான் காரணம். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறிவிடும். ஆனால் பழைய டிவியும் கார் ஸ்டீரியோவும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் ஃபேட்32லேயே வைத்துக்கொண்டு வீடியோவைத் துண்டு போட்டு வாங்கிக்கொள்வதே நல்லது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், அதனால் முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

காலேஜ் பிள்ளைகளின் தொல்லை வேறு மாதிரி. புராஜெக்ட் ஃபோல்டரில் தலைக்கு 2 கேபி அளவில் 10,000 ஃபைல் இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 20 எம்பி. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் விண்டோஸ் வழக்கமாக இடத்தை 128 கேபி கட்டங்களாகத்தான் பிரித்துக் கொடுக்கும். எவ்வளவு சின்ன ஃபைலுக்கும் ஒரு முழுக் கட்டம். ஆகவே அந்த 20 எம்பி போய் உட்காருவது 1.2 ஜிபிக்கு மேல். பிராப்பர்ட்டீஸில் சைஸ் என்று ஒன்றும் சைஸ் ஆன் டிஸ்க் என்று ஒன்றும் தனித்தனியாக இருப்பது இதற்குத்தான். ஃபோல்டரை ஜிப் செய்து ஒரே ஃபைலாக ஏற்றினால் தீர்ந்தது, காப்பி ஆகும் நேரமும் மிச்சம்.

இனி உங்கள் பத்திரிகை உண்மையில் எழுத வேண்டிய சங்கதிக்கு வருகிறேன். 59க்குக் கோபப்படுகிற அதே ஜனங்கள், 2 டிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகமே இல்லாமல் வாங்குகிறார்கள். உள்ளே 8 அல்லது 16 ஜிபி சிப்தான் இருக்கும். கம்ப்யூட்டரிடம் அளவைச் சொல்வது பென் டிரைவில் உள்ள கன்ட்ரோலர் என்ற இன்னொரு சிப். அதையே பொய் சொல்லும்படி மாற்றிவிடுகிறார்கள். அதனால் விண்டோஸும் 2 டிபி என்றே நம்பும். ஃபைல்கள் பெயரோடும் அளவோடும் வரிசையாகத் தெரியும். முதலில் ஏற்றியவை திறக்கும். பின்னால் ஏற்றியவை திறக்காது, இல்லையென்றால் பழையவற்றின் மேலேயே எழுதிவிடும். ஏற்றும்போது எந்த எச்சரிக்கையும் வராததால், போனில் இருந்த குடும்பப் படங்களை மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்தவர்கள் உண்டு.

பைட் எண்ணிக்கையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கு எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பெரிய பென் டிரைவுக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம். வாங்கிய அன்றே, உள்ளே எதையும் வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.

முந்தைய பதிலுக்கு ஒரு திருத்தமும், இந்தப் போலிகளைப் பற்றி ஒரு பக்கமும் அடுத்த இதழில் வந்தால் நன்றாக இருக்கும். போலி என்று தெரிந்த பிறகு, உள்ளே உண்மையாக இருக்கும் 8 ஜிபியை மட்டும் தனியாகப் பிரித்து உபயோகிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எஃப்3 அதற்கும் வழி தருகிறது. பாட்டு கேட்கச் சரி. சொத்துப் பத்திரத்தின் ஸ்கேனை அதில் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கார வாசகர்,
கும்பகோணம்