மருந்து அடிப்பதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோஜாக் கொழுந்தில் அப்பிக் கிடப்பது சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சியான அசுவினிதான். இமிடாகுளோப்ரிட் என்கிற பூச்சிமருந்தை அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. அது இலையோடு நிற்கிற மருந்து இல்லை. செடியின் சாற்றில் கலந்து, பூவின் மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்விடும். தேனீக்களுக்கு வரும் கேட்டைப் பார்த்துத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் அதே இனத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு மருந்துகளையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது.

அதே படத்தில் இடது ஓர இலைக்கு அடியில், கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, பார்த்தாயா? அது பொறிவண்டின் புழு. சின்ன வயதில் உள்ளங்கையில் ஏறவிட்டு ரசிப்பாயே, அந்தச் சிவப்பு வண்டு முதலில் இந்த உருவத்தில்தான் இருக்கும். வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

இது தெரியாமல் ஒரு வருஷம் நான் அந்தப் புழுக்களை இலை இலையாகத் தேடி நசுக்கினேன். போதாதென்று மருந்தும் அடித்தேன். செடி கொஞ்ச நாள் பளிச்சென்று இருந்தது. பிறகு முன்னைவிட அதிகமாக அசுவினி வந்தது. பெண் அசுவினி இணை சேராமலே குட்டி போடும்; அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் தாயாகிவிடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக மூன்று, நான்கு வாரம் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொன்றால் முதலில் எழுந்து வருவது அசுவினிதானே! அந்தப் புழுக்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

காலையில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகப் பீய்ச்சிக் கொழுந்தைக் கழுவிவிடு. கீழே விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது. புழு இருக்கிற கிளையை மட்டும் விட்டுவிடு. எறும்பு சாரையாக ஏறுகிறதா என்றும் பார். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அது பொறிவண்டை விரட்டும். இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெயையும் எடுக்காதே. இளம் புழுவை அதுவும் பாதிக்கும்.

இன்னொன்று, யூரியாவை நிறுத்து. தழைச்சத்து மிஞ்சினால் கொழுந்து தளதளவென்று வரும், அதைத்தான் அசுவினி தேடி வருகிறது. அதற்குப் பதில் நீ கூட்டிக் குப்பையில் போடுகிற சருகைக் காய்கறித் தோலோடு மூலையில் குவித்து மக்கவிடு, உரமாகும். காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு, மூன்று பங்கு. வாரம் ஒருமுறை கிளறிக் காற்று போகவிட்டால் நாறாது. மீதிச் சருகை இரண்டு அங்குல உயரத்துக்கு செடியைச் சுற்றி மண்ணின்மேல் மூடாக்காகப் போடு, தண்டை ஒட்டாமல். எல்லா இடத்தையும் மூடிவிடாதே. தேனீ வகைகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள்தான் வளை தோண்டுகின்றன; வெயில் படுகிற ஒரு மூலை வெறும் மண்ணாகவே இருக்கட்டும்.

மழைநீர்த் தொட்டி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாயே, வாங்கு, நல்ல யோசனை. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். உன் கூரை 40 சதுர மீட்டர் இருந்தால், 25 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர். கொசு முட்டையிடாமல் தொட்டியின் வாயை வலையால் கட்டு.

அடுத்த வாரமும் அதே இலையைப் படம் எடுத்து அனுப்பு. அந்தப் புழு தலைகீழாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று எடுத்துப் போட்டுவிடாதே. கூட்டுப்புழுவாக மாறிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் போல விட்டு வை.

அன்புடன்,
அம்மா