பாட்டிலைக் கட்டிப் பார்த்துவிட்டு வாங்கு

மூணாறு
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் மருமகனையும் கேட்டதாகச் சொல்லு.

எதை வாங்கலாம் என்று கேட்டு நீ தூண்டில் ரீல் படங்களை அனுப்பியது ஜூன் மாதம். இப்போது அக்டோபர் முடியப் போகிறது. நடுவில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் கேப் ரோட்டில் மண் சரிந்து மூன்று வாரம் கடைக்குச் சாமான் வரவில்லை. ஆனால் நான் எழுதாமல் இருந்ததற்கு அதெல்லாம் காரணம் இல்லை. மூன்று படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே, "எதுக்கு வீண் செலவு, அப்பா ரீல் உன்கிட்டதானே இருக்கு, அதையே அனுப்பிவிடேன்" என்று. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டாம் என்று மட்டும் எழுதினால் நீ கேட்கிற ஆளா? ரீலைத் திறந்து பார்த்துக் காரணத்தோடு எழுதலாம் என்று தள்ளி வைத்தேன். தள்ளித் தள்ளி நான்கு மாதம் ஓடிவிட்டது. மன்னித்துக்கொள்.

போன வாரம் திறந்துவிட்டேன்.

நீ கொடுத்தபடியே உங்கள் அப்பாவின் காக்கித் துணியில் சுற்றித்தான் இருந்தது. நரம்பு சுற்றுகிற ஸ்பூலைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் பலாப்பிசின் மாதிரி இறுகிக் கிடக்கிறது. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். பின்பக்கத் தகடு வெள்ளையாக வந்தது. நரம்பு வெளியே வருகிற இடத்தில் ஒரு அகேட் கல் வளையம் இருக்குமே, அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கிர்ரென்று சத்தம் போடுகிற அந்தப் பல் பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருந்தது. அத்தனை வருஷ உழைப்பு. தொரை இங்கிலாந்துக்குக் கப்பலேறும்போது உங்கள் அப்பா கையில் கொடுத்த அன்றைக்கே அது பழைய ரீல்தானே. தையல் மிஷின் இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, மூன்று நாள் அரம் போட்டுப் புதுப் பல் ஒன்று செய்து மாட்டினேன். முதல் தடவை நரம்பை இழுத்தபோது வந்த சத்தத்தைக் கேட்டு அம்மா உள்ளேயிருந்து, "யாரு, வாச்சர் அண்ணனா?" என்றார். உங்கள் அப்பாவைத்தான் அப்படிக் கேட்டார். எனக்கு அரத்தைக் கீழே வைக்க ஒரு நிமிஷம் ஆனது.

சரி, இப்போது காரணத்துக்கு வருகிறேன். அந்த ரீலை ஸ்டீல்ஹெட் மீனுக்குப் போடக் கூடாது.

அங்கே கனடாவில் வெடர் ஆற்றில் ஏறி வருகிற ஸ்டீல்ஹெட்டும், ராஜமலை ஓடையில் நாம் பார்த்து வளர்ந்த ரெயின்போ ட்ரவுட்டும் ஒரே இனம். நம்முடையது ஓடையில் பிறந்து ஓடையிலேயே முடிந்துவிடும். அது குஞ்சாக இரண்டு மூன்று வருஷம் ஆற்றில் இருந்துவிட்டுக் கடலுக்குப் போய், பசிபிக்கில் தின்று கொழுத்து, வெள்ளி உடம்போடு பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிறது. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும். இதில் சிலது மறுபடியும் கடலுக்குப் போய், இன்னொரு தடவையும் வரும். நம் ஓடையில் அரைக் கிலோ மீன் வந்தால் அன்றைக்கு லயம் முழுக்கப் பேச்சு. அங்கே நாலு கிலோ சாதாரணம். 1970-இல் அலாஸ்காவில் ஒன்று 19 கிலோ பிடிபட்டிருக்கிறது. ஆற்றோடு நிற்காமல் கடல் பார்த்த மீன் அது. தூண்டில் பட்டதும் ஆற்றோட்டத்தோடு கீழே ஒரே ஓட்டமாக ஓடும். உங்கள் அப்பா ரீலில் பிரேக் என்று ஒன்று கிடையாது, அந்தப் பல்லும் ஸ்பிரிங்கும்தான். கைதேர்ந்தவர்கள் விளிம்பை உள்ளங்கையால் அணைத்தே பெரிய மீனையும் நிறுத்துவார்கள், ஒத்துக்கொள்கிறேன். நீ முதல் ஸ்டீல்ஹெட்டையே இன்னும் பார்க்கவில்லை. அது மட்டுமா, மருமகன் வாங்கித் தந்திருப்பது 13 அடி, 7-ஆம் எண் ராடு, இரண்டு கையால் வீசுவது. அதன் தடித்த வீச்சு லைன், அதன் பின்னால் வருகிற மெல்லிய ரன்னிங் லைன், அதற்கும் அடியில் 30 பவுண்டு டேக்ரான் பேக்கிங் நூல் 150 கஜமாவது வேண்டும். இத்தனையையும் அந்தச் சின்ன ஸ்பூலில் திணிக்க முடியாது. ராடும் முன்பக்கம் சாய்ந்து நாள் முழுக்க உன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கும்.

அதனால் புதுசு வாங்கு. எதை வாங்குவது என்பதில்தான் நீயும் மருமகனும் ராத்திரி எல்லாம் சண்டை போடுகிறீர்கள் என்று தங்கச்சி குரல் மெசேஜில் சொன்னாள். நீ மலிவானதைத் தொடுகிறாய், அவன் விலை உயர்ந்ததைத் தொடுகிறான். நான் நடுவில் உள்ளதைச் சொல்கிறேன். இரண்டு பேரும் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

விலை உயர்ந்த ரீலின் பெட்டியில் டிராக், அதாவது ஸ்பூலைப் பிடிக்கிற பிரேக், இத்தனை பவுண்டு பிடிக்கும் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்பிக் காசு கொடுக்காதே. உன் நுனி நரம்பு 10, 12 பவுண்டு. 20 பவுண்டு டிராக்கைப் போட்டால் நரம்புதான் அறும். நீ ஆற்றில் வைக்கப்போவது ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ. அவ்வளவு பிடிக்க எந்த ரீலாலும் முடியும். நிற்கிற ஸ்பூல் சுற்ற ஆரம்பிக்கிற அந்த முதல் நொடியில் அது எப்படி விடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலிவான சில ரீல்கள் அங்கே ஒரு கணம் ஒட்டிக்கொண்டு, அப்புறம் வெடுக்கென்று விடும். அந்த வெடுக்கில் நரம்பு போய்விடும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். பிப்ரவரியில் எஸ்டேட் பங்களாவுக்கு வந்திருந்த ஒருவர், அனுமதிச் சீட்டோடு ஓடைக்குப் போனார். பளபளவென்று புது ரீல், கம்பெனி பெயர் வேண்டாம். நான் கூடை தூக்கிப் போனேன். பெரிய பாறைக்குக் கீழே, நாம் இரண்டு பேரும் வழுக்கி விழுந்த இடம்தான், ஒரு நல்ல மீன் முள்ளில் கட்டிய செயற்கை ஈயை எடுத்தது. ராடு வளைந்தது, ரீல் அசையவில்லை, டப்பென்று ஒரு சத்தம். முடிந்தது. அவர் மீனைத் திட்டினார். நான் சாயங்காலம் அந்த ரீலைக் கேட்டு வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்தேன். நரம்பில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, மேஜை ஓரத்தில் ரீலைக் கிளாம்ப் வைத்து இறுக்கி, பாட்டில் விழாமல் நிற்கிற அளவுக்கு டிராக்கைத் திருப்பினேன். ஒரு விரலால் பாட்டிலை மெல்ல அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ஒரே குதியாக ஒரு சாண் கீழே போய் நின்றது. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே குதி. நல்ல ரீல் என்றால் பாட்டில் கிணற்று வாளி மாதிரி ஒரே சீராக இறங்கும்.

கடைக்குப் போகும்போது ஒரு லிட்டர் பாட்டில் கொண்டு போ. வெட்கப்படாதே. கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

இன்னொன்று. பாட்டிலை இரண்டு தடவை கட்டிப் பார். ஸ்பூல் நிறைய லைன் இருக்கும்போது ஒரு தடவை, பாதி உருவிவிட்டு ஒரு தடவை. டிராக்கைத் தொடாதே. இரண்டாவது தடவை அதே பாட்டிலை இறக்க அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும். சுற்று சிறிதாகச் சிறிதாக, இழுப்பு கூடுகிறது. விட்டம் பாதியாகிவிட்டால் இழுப்பு இரண்டு மடங்கு. அதாவது மீன் தூரமாகப் போய், லைன் முழுக்க ஆற்றோட்டம் இழுக்கிற நேரத்தில், நீ திருப்பாமலே டிராக் தானாக இறுகுகிறது. நடுத்தண்டு பெரிதாக உள்ள ரீலில் இந்த வித்தியாசம் குறைவு. திரும்பச் சுற்றுவதற்கும் அதுதான் நல்லது. 9 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு சுற்றுக்கு 28 சென்டிமீட்டர் உள்ளே வரும், 4 சென்டிமீட்டரில் பன்னிரண்டரைதான் வரும். மீன் திடீரென்று உன்னைப் பார்த்து ஓடி வரும்போது அந்த 28 உனக்கு வேண்டும்.

நீ அனுப்பியதில் லாம்சன் லிக்விடும் ஓர்விஸ் ஹைட்ராஸும் இரண்டுமே தண்ணீர் புகாமல் மூடிய டிராக் உள்ளவை. எனக்கு இரண்டும் சம்மதம். லிக்விட் வார்ப்பு உடம்பு, ஹைட்ராஸ் கடைந்து எடுத்தது. பாறையில் விழுந்தால் வார்ப்பு நெளியாது, உடையும். கடைந்தது நெளியும், என்னைப் போல் ஒருவன் தட்டி நிமிர்த்திவிடலாம். நீ பாறையில் விழுகிற ஆள் என்பதால் ஹைட்ராஸ் என்கிறேன். கார்க் டிராக் உள்ள ரீல் வேண்டாம். கார்க் அருமையாக விடும், நான் மறுக்கவில்லை, ஆனால் எண்ணெய் போட வேண்டும், ஓய்வில் தளர்த்தி வைக்க வேண்டும். நீ சைக்கிள் செயினுக்கே எண்ணெய் போடாதவன்.

வாங்குவதற்கு முன் ஸ்பூலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார். உன் ரன்னிங் லைன் மெல்லியது. இடைவெளி கொஞ்சம் இருந்தால் அது நழுவி வெளியே வந்து ஸ்பூலின் பின்னால் சிக்கும், அதுவும் மீன் ஓடுகிற நேரத்தில்தான் சிக்கும். சுற்றிலும் கூண்டு போல ஃப்ரேம் உள்ள ரீல் என்றால் நிம்மதி. எடை 270, 300 கிராம் இருந்தாலும் பயப்படாதே, நீள ராடுக்கு அதுதான் சமன். ராடில் மாட்டி, கார்க் பிடியில் மேல் கை வைக்கிற இடத்தில் ஒரு விரலில் நிறுத்திப் பார்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைத் தண்ணீரில் முக்கி, தங்கச்சியிடம் கெஞ்சி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வை. காலையில் சுற்றுகிறதா பார். ஜனவரியில் வெடர் ஆற்றங்கரை அந்த ஃப்ரீசர் மாதிரிதான் இருக்கும் என்று மருமகனே சொன்னான். சுற்றவில்லை என்றால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடு.

முள்ளில் எதிர்முள் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம், தெரியும். காட்டு மீன் என்றால் விட்டுவிட வேண்டும், முதுகின் பின்னால் உள்ள சின்னத் துடுப்பு வெட்டப்பட்ட பண்ணை மீன் என்றால்தான் எடுக்கலாம் என்பதும் தெரியும். டிராக் நன்றாக இருந்தால் மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து, களைத்துச் சாவதற்குள் விடலாம். அதற்காகவும்தான் இத்தனை சொல்கிறேன்.

செல்வம், ஒன்று கேட்பேன், கோபப்படாதே. தனியாக ஆற்றில் இறங்காதே. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை இறங்கி 70 பேரைக் கொண்டுபோன பிறகு, எனக்குத் தண்ணீர்ச் சத்தம் முன்பு மாதிரி கேட்பதில்லை. ராஜமலை ஓடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் ஏறிவிடுகிறேன். உனக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் புகாத அந்தக் கால்சட்டைக்கு மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டு, இல்லாவிட்டால் விழுந்ததும் உள்ளே தண்ணீர் நிறையும். கையில் ஒரு ஊன்றுகோல். மருமகன் வரமுடியாத நாளில் கரையிலிருந்து வீசு, போதும்.

இங்கே செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. கொழுந்து நன்றாக வருகிறது, கூலிப் பேச்சு வார்த்தை இழுத்துக்கொண்டே போகிறது. படையப்பா யானை போன வாரமும் ரோட்டில் நின்று உடுமலை பஸ்ஸை நிறுத்தி வைத்தது. ஒத்தக்கை மாமாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், உன்னிடம் சொல்லச் சொன்னார், பழைய கடன் ஞாபகம் இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னார்.

அப்பா ரீல் உன்னுடையது. நான் வைத்துக்கொள்ளக் கேட்கவில்லை. என் மகள் தை மாதம் அங்கே படிக்க வருகிறாள், அவள் பெட்டியில் அனுப்புகிறேன். சின்ன ஏரியில் சின்ன ட்ரவுட்டுக்குப் போடு, அதற்குத்தான் அது பிறந்தது. எதற்கும் நீ வலது கையால் சுற்றுவாயா இடது கையாலா என்று உடனே எழுது. அப்பா வலது கையால் சுற்றியதாக எனக்கு ஞாபகம், பல்லை அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். நீ இடது என்றால் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும், அரை மணி நேர வேலை.

அன்புடன்,
உன் பாண்டி