அகன்ற டயர் அதிகம் சுமக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கத்திலிருந்து வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றி, சொந்த பிக்கப் வண்டியில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தொழில் செய்து வருபவன் நான். களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை நெடுஞ்சாலையோரம் பிக்கப்புகளுக்கு அலாய் ரிம்மும் அகன்ற டயரும் மாட்டி, கமான் பட்டையை (அச்சின் மீது வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பிளேட்டுகளின் கட்டு) உயர்த்திக் கட்டித் தரும் கடைகளில், ஓணத்துக்கு முந்தைய குலை ஓட்டம் தொடங்கும் இந்த நாட்களில் வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறேன். அந்த வரிசையில் இரண்டாண்டுகளுக்கு முன் நானும் நின்றவன் என்பதால், அங்கே நான் கேட்காமல் விட்ட கேள்விகளைத் தங்கள் நாளிதழ் வழியாக மற்றவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த டயரின் அளவு 205 ஆர் 16 சி; அதாவது 205 மி.மீ. அகலம், 16 அங்குல ரிம், சி என்பது சரக்கு வண்டி டயர் என்பதற்கு. அது தேய்ந்தபோது, வண்டியை ஓட்டும் என் மருமகனுக்கு (தங்கை மகன்) அலாய் ரிம் மீது ஆசை. கடைக்காரர் காட்டிய டயர் 235/70 ஆர் 16. பழையதைவிட 30 மி.மீ. அகலம் கூடுதல், உயரம் ஏறத்தாழ அதேதான். “அண்ணாச்சி, இது பெரிய ஜீப்புக்கே போடுற டயரு, ஒங்க வாழைக்குலையெல்லாம் இதுக்கு ஒரு கனமா?” என்று அவர் கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது. அகலமானது கூடுதல் பாரம் தாங்கும் என்றுதானே யாரும் நினைப்போம்.

அந்த நினைப்பு தவறு என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. அளவை அடுத்து வரும் எண்ணுக்குச் சுமைக் குறியீடு என்று பெயர். பழைய டயரில் 110/108 என்று இருந்தது. அதாவது, ஒற்றை டயராக ஓடினால் ஒரு டயர் 1060 கிலோ வரையும், பின்னால் இரட்டை டயராக ஓடினால் ஒவ்வொன்றும் 1000 கிலோ வரையும் தாங்கும். புதிய டயரில் 105 எஸ் என்று இருந்தது. 105 என்றால் 925 கிலோ. எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வேகத்தைக் குறிக்கும் எழுத்து. வாழைக்குலை ஏற்றிக்கொண்டு யாரும் 180 கி.மீ. வேகத்தில் போகப்போவதில்லை. எனக்குத் தேவையில்லாத வேகத்தைக் காசு கொடுத்து வாங்கி, தேவையான சுமையில் டயருக்கு 135 கிலோ வீதம், பின்னிரண்டு டயருக்குமாக 270 கிலோவை இழந்திருக்கிறேன். ஆட்களை ஏற்றும் ஜீப் வகை வண்டிகளுக்கான டயர் அது. அதில் குறையொன்றும் இல்லை, அதை என் வண்டியில் மாட்டியதுதான் குறை.

அந்த ஓண ஓட்டம் முடிந்து வண்டியைக் கழுவும்போது, இடது பின் டயரின் உட்பக்கச் சுவரில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு இருப்பதை மருமகன் பார்த்துச் சொன்னான். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. டயரைக் கழற்றிப் பார்த்த பழுது வேலைக்காரர், உள்ளே நூல் அறுந்துவிட்டது, காற்று வெளியேறாமல் இருப்பது வெளி ரப்பரின் தயவால்தான் என்றார். அதன்பிறகே எடைமேடைக்குப் போனேன். வழக்கமான சரக்கோடு வண்டியின் பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தினால் பின் அச்சின் பாரம் தனியாகத் தெரிந்துவிடும். 1900 கிலோ காட்டியது. அனுமதிக்கப்பட்ட எடைக்குள்தான் ஏற்றியிருந்தோம். ஆயினும் புதிய டயர்கள் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடியது 1850 கிலோ மட்டுமே; பழைய டயர்கள் 2120 கிலோ தாங்கியிருக்கும். குழியில் விழும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஒரு டயர் மீது ஏறும் பாரம் இந்தக் கணக்கில் சேராது. சுமைக் குறியீடு சொல்லும் எடையும் அதற்குரிய காற்றழுத்தம் இருந்தால்தான் பொருந்தும் என்பதால், ஓட்டுநர் பக்கக் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும்.

உயரமான டயர் போட்டால் தோட்டத்து வழியில் அடி தட்டாது என்பது இன்னொரு நம்பிக்கை. என் வண்டிக்கு 265/70 ஆர் 16 போட்டால் டயரின் மொத்த உயரம் 743 மி.மீட்டரிலிருந்து 777 மி.மீ. ஆகும். கூடும் 34 மி.மீட்டரில் பாதி மேல்பக்கம் போய்விடுவதால், வண்டியின் அடிப்பாகம் 17 மி.மீ. மட்டுமே உயரும். அந்த ஒரு விரற்கடைக்காக ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63 கி.மீ. வேகத்தில் போகும், மீட்டர் ஓட்டம் குறைவாகக் காட்டும், பேச்சிப்பாறை ஏற்றத்தில் பாரத்தோடு ஒரு கியர் இறக்க வேண்டிய இடத்தில் இரண்டு இறக்க வேண்டிவரும். ஸ்டெப்னி பெரும்பாலும் பழைய அளவிலேயே கிடக்கும் என்பதை மழையில், இரவில், டயர் பஞ்சரான பிறகே நினைத்துப் பார்ப்போம்.

டயரின் பொத்தான் (தரையைத் தொடும் மேல் ரப்பரின் வெட்டு) வடிவத்தைப் பொறுத்தவரை, கட்டை கட்டையாக வெட்டிய சேற்று டயர் செம்மண் சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நம் வண்டிகள் பெரும்பாலும் ஓடுவது நனைந்த தார்ச்சாலையில். அங்கே அந்தக் கட்டைகள் தரையைத் தொடும் பரப்பு குறைவு என்பதால் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க நீண்ட தூரம் ஆகும். தோட்டத்துக்குள் தினமும் போகிறவர்களுக்கு சேற்று டயருக்கும் சாலை டயருக்கும் நடுத்தரமான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) வகை போதும், சந்தைக்கும் துறைமுகத்துக்கும் மட்டும் ஓடுகிறவர்களுக்குச் சாலை டயரே போதும். டயர் என்று பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் 2822 என்று நான்கு இலக்கம் இருந்தால், அது 2022ஆம் ஆண்டின் 28ஆம் வாரத்தில் செய்தது. நம் தோட்டத்து ரப்பர் பாலில் ஆன டயரே ஆனாலும் கடையின் வெயிலில் கிடந்தால் கெட்டித்து வெடிப்பு விடத்தான் செய்யும்.

ரிம் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது, “ஆறு போல்ட், 139.7, கரெக்டா இருக்கு” என்பதோடு முடிந்தது. போல்ட் வட்டத்தின் அளவு பொருந்தினால் ரிம் மாட்டிவிடலாம், ஆனால் ரிம் பொருந்திவிட்டது என்று ஆகாது. நடுத்துளை ஹப்பில் (அச்சு முனையில் ரிம் மாட்டும் பாகம்) கச்சிதமாக உட்காராமல் பெரிதாக இருந்தால், மையம் பிசகி வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். என் வண்டியில் 70 கி.மீ. தாண்டியதும் நடுங்கியது. அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம் ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்னும் அளவு. என் பழைய ரிம்மில் அது 30 மி.மீ.; புதியதில் பூஜ்யம். ஆகவே ஒவ்வொரு சக்கரமும் 30 மி.மீ. வெளியே தள்ளி நின்றது. பார்வைக்கு வண்டி காலை அகட்டி நிற்பதுபோல் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் குடத்தை இடுப்போடு அணைத்துச் சுமப்பதற்கும் கையை நீட்டிச் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு வீல் பேரிங்குக்கும் உண்டு. எட்டே மாதத்தில் முன் பேரிங் ஊளையிடத் தொடங்கியது. முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டின் உள்ளுறையை உரசியது. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் தடித்த வளையம் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். அலாய்க்கு நட் உட்காரும் பள்ளத்தின் வடிவம் வேறு என்பதால் பழைய இரும்பு ரிம்மின் நட்டையே போட்டு முறுக்கக் கூடாது; மாட்டிய பின் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

அலாய்தான் வேண்டும் என்பவர்கள் அதன் மீது எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்கட்டும். ஜப்பான் தரமுத்திரையில் ஜே.டபிள்யூ.எல். என்பது கார்களுக்கு, ஜே.டபிள்யூ.எல்.-டி. என்பது லாரி, பேருந்துகளுக்கு. கடைகளில் பிக்கப்புக்கு எடுத்துக் காட்டுபவற்றில் நான் பார்த்தவரை முதலாவதுதான் மிகுதி. குழியில் விழுந்து வளைந்த இரும்பு ரிம்மைத் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் விட்டதுதான். பாரம் சுமக்கும் வண்டிக்கு இரும்பு ரிம்மே நல்லது என்பது என் கருத்து.

கமான் பட்டையைப் பற்றி இதைவிடக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்பக்கம் தொய்கிறது என்று பட்டறைக்குப் போனவுடன் “ஒரு பிளேட் சேர்த்துடலாம்” என்பதே எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக இருக்கிறது. ஐந்து பிளேட் உள்ள கட்டில் அதே கனத்தில் ஆறாவது ஒன்று சேர்த்தால் விறைப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் 8 மி.மீ. கனத்துக்குப் பதில் 10 மி.மீ. பிளேட் வைத்தால், 2 மி.மீ.தானே என்று தோன்றினாலும், அந்த ஒரு பிளேட்டின் விறைப்பு மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது; விறைப்பு கனத்தின் முப்படியில் ஏறுவது. பாரம் ஏற்றிப் போகும்போது நன்றாக இருக்கும். காலியாகத் திரும்பும்போது பின் சக்கரம் தரையில் நில்லாமல் துள்ளும், நனைந்த சாலையில் பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் வழுக்கும். பாதிப் பாரத்தில் குலையும் அடிபடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைக்குலையைத் தோலில் கறுப்பு விழாமல் சந்தையில் இறக்குவது மிதமான கமானால்தான் முடியும். ஆகவே பாரம் ஏறிய பிறகே தொடும்படி, மேலே இடைவெளி விட்டு வைக்கும் ஹெல்ப்பர் பிளேட் நல்லது. பின் ஷேக்கிளை (கமானின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) நீளமாக்கி உயர்த்துகிறவர்கள், கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஷாக் அப்சர்பர் பாரம் தாங்குவதில்லை, துள்ளலை அடக்குவதோடு அதன் வேலை முடிகிறது. தொய்வுக்கு விலை கூடிய ஷாக் அப்சர்பர் வாங்கிப் போடுவது வீண்.

பட்டறையில் யாரும் வாய் திறக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பியால் இணைக்கப்பட்ட பிரேக் வால்வு இருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழும்போது கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிவிடும். பிளேட் சேர்த்தோ கட்டை வைத்தோ பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், முழுப் பாரம் ஏறினாலும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும்; பின் பிரேக் முழு வலுவோடு பிடிக்காது. கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே கமான் வேலையைக் கொடுக்க வேண்டும். முகப்பு விளக்கின் உயரத்தையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் மீன் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பெட்டியின் பின்மூலை வழியே ஒழுகி, நேராகக் கமான் கட்டின் மீதும் அதை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் மீதும்தான் விழுகிறது. நண்பர் ஒருவரின் வண்டியில் நடுபோல்ட்டைக் கழற்றிப் பிளேட்டுகளைப் பிரித்தபோது, இடையிலிருந்த துரு பப்படம்போல் ஏடு ஏடாக உதிர்ந்தது. பிளேட்டின் பாதிக் கனத்தைத் துருவே தின்றிருந்தது. அவருக்கு வேண்டியது கூடுதல் பிளேட் அல்ல, தண்ணீரை அச்சுக்கு அப்பால் இறக்கிவிடும் ஒரு முழக் குழாய்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மாற்றித் தந்த கடைக்காரர் அந்த வரியில் இல்லை, உரிமையாளர்தான் இருக்கிறார். கூடுதல் பிளேட் போட்டுவிட்டோம் என்பதால் அனுமதிக்கப்பட்ட எடையும் கூடிவிடாது; மீறினால் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2000 ரூபாய் வீதம் ஏறும்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. டயரும் ரிம்மும் விற்கும் கடைகள், விலையோடு சுமைக் குறியீட்டையும், தயாரித்த வாரத்தையும், ரிம்மின் ஆஃப்செட்டையும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். போக்குவரத்துத் துறை இதைக் கட்டாயமாக்கினால் நல்லது, ஆக்கும் வரை வாங்குகிறவர்களே கேட்டு எழுதி வாங்கட்டும். மற்றது தங்களிடம். சுமைக் குறியீடு 100 என்றால் 800 கிலோ, 105 என்றால் 925, 110 என்றால் 1060, 115 என்றால் 1215 என்னும் இந்தச் சிறு பட்டியலை ஓணத்துக்கு முன் ஒருநாள் மாவட்டப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், வெட்டி எடுத்து டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள எங்களைப் போன்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்போது என் வண்டி பழைய இரும்பு ரிம்மிலும் 110 குறியீட்டு டயரிலும்தான் ஓடுகிறது. அலாய் நான்கும் ஷீட் புகை போடும் கொட்டகையின் பின்புறம் கிடக்கின்றன. வாங்கிய விலையில் மூன்றிலொரு பங்குக்குக் கேட்டு ஒருவர் வந்தார். எந்த வண்டிக்கு என்று கேட்டேன். பிக்கப்புக்கு என்றார், கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
பிக்கப் வண்டி உரிமையாளர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.