கேமராவைப் பூட்டி வைக்காதே

சிதம்பரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. மாமா மகனிடம் நீ கொடுத்தனுப்பிய கேமராப் பை போன வாரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் கையெழுத்தில் ஒரு வரியாவது இருக்கும் என்று பையின் எல்லா உறைகளையும் துழாவிப் பார்த்தேன், இல்லை. "இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்" என்று நீ சொன்னதாக மட்டும் அவன் சொன்னான். இருக்கட்டும். ஆனால் இது கடலுக்குப் பக்கத்து ஊர் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ஈரக் காற்றில் லென்ஸைப் பைக்குள்ளேயே அடைத்து வைத்தால் கண்ணாடியின் உட்புறத்தில் பூஞ்சை பிடிக்கும் என்றும், முதலில் நூலிழையாகத் தெரிவது பிறகு மேற்பூச்சையே அரித்துவிடும் என்றும், அதற்கு வெளிச்சமும் காற்றும் படும்படி எடுத்துப் புழங்குவதே மருந்து என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

அதனால் பீரோவில் வைக்காமல், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். அந்த நீல மணிகள் இங்கே சீக்கிரமே வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடுகின்றன. சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினால் மறுபடியும் நீலம் ஏறுகிறது. உன் அப்பா தினமும் ஒருமுறை டப்பாவைத் திறந்து பார்க்கிறார். திறந்தால் ஈரம் புகும் என்று சொன்னாலும் கேட்பதில்லை. அந்தப் பெரிய லென்ஸை நீ வாங்கியபோது, சம்பளம் தராத வேலைக்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர் அவர்தான். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. நாங்கள் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும், எடுத்துப் புழங்க ஆள் இல்லாத கேமரா கெட்டுத்தான் போகும், தம்பி.

இந்த வருஷம் நாட்டியாஞ்சலிக்கு நீ வரவில்லை. வேலை என்றாய், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி இந்த ஊரில் நடக்கும் விழா. நம் வீட்டில் பொங்கலுக்கு வராவிட்டாலும் அதற்கு வந்துவிடுகிறவன் நீ. நீ வழக்கமாக உட்காரும் ஓரத்தில் இந்த முறை வேறொருவர் உட்கார்ந்து, முகபாவத்தாலேயே பொருள் சொல்லும் பதம் நடந்துகொண்டிருக்கும்போதே படபடவென்று ஒரே மூச்சில் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். அபிநயத்தின் நடுவே அந்தச் சத்தம் பெரிய அபசாரம். ஒரு பார்வை தொடங்கி, நிறைந்து, கண்கள் திரும்பும்வரை காத்திருந்து ஒரே ஒரு படம் எடுக்கும் பொறுமை உன்னிடம் இருந்தது. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை; இப்போது சொல்லிவிடுகிறேன்.

தாளச் சொற்களான ஜதியைக் கேட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று உனக்குச் சொன்னவள் நான். ஆட்டத்தின் ஒரு பகுதியை முடித்துவைக்கும் தீர்மானத்தின் கடைசிக் கோர்வை மூன்று முறை வருமென்றால் முதல் இரண்டையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, மூன்றாவதன் "ததிங்கிணதொம்" தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழும்போது உடல் முழங்கால் மடித்த அரைமண்டியில் நின்று, சலங்கை அடங்கி, முகம் நிமிரும் அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும் என்றேன். தொம் காதில் விழுந்தபின் அழுத்தினால் பிந்திவிடும், அதற்கு ஒரு நூலளவு முன்பே விரல் நகர வேண்டும் என்பதை நீயே கண்டுபிடித்து எனக்குச் சொன்னாய். தாவிக் குதிப்பவரின் உடல் உச்சியில் ஒரு நொடிப்பொழுது தங்கும், அப்போது மங்கிய விளக்கிலும் படம் கலங்காது என்றும் சொன்னாய். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்த எனக்கே, உன் படங்களைப் பார்த்த பிறகுதான் முழங்கால்களின் கோணல் தெளிவாகத் தெரிந்தது. கிழக்குக் கோபுர வாயிலில் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது நீ எடுத்த, நடன நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களை இன்றும் பிள்ளைகளுக்குக் காட்டித்தான் பாடம் சொல்கிறேன். 108 கரணங்களையும் எடுத்து முடிக்கிறேன் என்று சொல்லியிருந்தாய். மேல் வரிசைகள் அப்படியே நிற்கின்றன.

மேடை மட்டும் என்றால் கூட்டம் பிடிக்கவில்லை போலும் என்று என்னைத் தேற்றிக்கொள்வேன். பிச்சாவரத்துக்கும் அல்லவா நீ வரவில்லை? சுரபுன்னை வேர்களுக்கு நடுவே, குறுகிய வாய்க்கால்களில் துடுப்புப் படகு மட்டுமே நுழையும் இடங்களில், கொக்கு அசையும்வரை மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவன் நீ. உதிர்வதற்கு முன் சிவந்துபோன தில்லை மரத்து இலைகளை நீ எடுத்த படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று அன்றைக்கு நான் பட்ட கவலை உனக்குத் தெரியும். இன்றைக்கு அப்படி ஒரு கவலைக்குக்கூட நீ இடம் கொடுப்பதில்லை. போனில் "நன்றாக இருக்கிறேன்" என்கிறாய், சரி என்று நானும் வைத்துவிடுகிறேன்.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்துப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் தோளில் கட்டும் புஜகட்டையும் பக்கத்தில் கிடக்க, துரியோதன வேடக்காரர் பாதி முகத்துக்கு அரிதாரம் பூசி, கையகலக் கண்ணாடியில் மீதி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. அதைப் பிரதி போட்டு, அவர் ஊருக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாய். விடிய விடிய ஆடுகிறவர்கள் தாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைப் பார்க்க வழியில்லை என்று அதற்குக் காரணம் சொன்னாய். ஊராருக்கு அவர்கள் முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன், உன் முகத்தை எங்களுக்குக் காட்டி எத்தனை மாதமாகிறது? வீடியோவில் ஒருமுறை பேசினால் என்ன? சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே; கூத்துக்காக விழித்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

2018இல் கேரளத்து வெள்ளம் வடிந்த பிறகு, எங்களுக்குச் சொல்லாமலேயே மூணாறு போய்க் குறிஞ்சி பூத்ததை எடுத்து வந்தாய். அப்போது உன்னை நான் திட்டியதும், அடுத்த முறை 2030இல் பூக்கும்போது என்னையும் அழைத்துப் போகிறேன் என்று நீ சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. என் முழங்கால் அதுவரை தாங்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கேமராவைப் பூட்டி வைக்காமல் இருந்தால் போதும்.

பணத்துக்கு முடை என்றால் சொல். வேறு ஏதாவது என்றால் அதையும் சொல். சொல்ல மனமில்லை என்றால் சொல்லாமலே வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போ. இங்கே யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள், அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கேமராவைத் திருப்பி யாரிடமும் கொடுத்தனுப்ப எனக்கு மனமில்லை. பையில் மெமரி கார்டும் இல்லை, சார்ஜரும் இல்லை. அவற்றை நீ வேண்டுமென்றுதான் உன்னிடம் வைத்துக்கொண்டாய் என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை என் மாணவிகள் இரண்டு பேருக்குச் சலங்கை பூஜை வைத்திருக்கிறேன். படம் எடுக்க ஆள் பார்க்கட்டுமா என்று அவர்களின் பெற்றோர் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மண்டபத்தில் எல்லாம் எல்.இ.டி. விளக்குகள்தானாம். நீலமும் ஊதாவும் முகத்தில் விழுந்தால் சருமத்தின் நிறமே கெட்டுவிடும் என்று நீ அலுத்துக்கொள்வாய் அல்லவா, அதனால் வெதுவெதுப்பான மஞ்சள் மட்டும் போட்டால் போதும் என்று விளக்குக்காரரிடம் பேசிவிட்டேன். சார்ஜரை மறக்காமல் எடுத்து வா. எந்த ரயில் என்று முன்கூட்டிச் சொன்னால் அப்பா ஸ்டேஷனுக்கு வருவார்.

அன்புடன்,
அம்மா