கருவி அனுப்ப வேண்டாம்

உ
சிவமயம்

பள்ளத்தூர்

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு யாவரும் நலம். மாப்பிள்ளையும் பேராண்டியும் சுகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது உன் ஆத்தா போட்ட சட்டம். வாட்ஸ்அப்பையும் எனக்கு முன்னால் அவள்தான் பார்க்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி.

முதலில் நல்ல சேதி. நம் பழைய கார் ஹெரால்டின் பின்சக்கரத்து ஹப், அதான் சக்கரம் மாட்டும் பாகம், ஒருவழியாகக் கழன்றுவிட்டது. அதனால் நீ அங்கிருந்து கருவி வாங்கி அனுப்ப வேண்டாம். கெட்ட சேதியைப் பின்னால் சொல்கிறேன்.

ஆவணியில் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்பும்போதுதான் ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டினால் பின்னால் வலப்பக்கம் 'ஊம்' என்று ஒரு முனகல். வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். லொடக் லொடக் என்றது. பேரிங் போய்விட்டது.

பேரிங் மாற்றுவது ஒரு வேலையே இல்லை. அதற்கு முன்னால் ஹப்பைக் கழற்ற வேண்டுமே, அதுதான் வேலை. அந்த வண்டியில் ஆக்ஸிலின் நுனியைக் கூம்பு மாதிரி சரிவாகக் கடைந்திருப்பார்கள். அதன்மேல் ஹப்பை ஏற்றி, ஒரு சாவிக்கட்டையும் வைத்து, நட்டைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். ஐம்பது வருஷத்தில் இரண்டும் ஒரே இரும்பாகிவிடும். இழுத்துக் கழற்றும் கருவியான சாதாரண மூன்றுகால் புல்லர், ஹப்பின் தட்டை விளிம்பில் பிடித்து இழுக்கும். ஹப் வராது, தட்டுதான் அப்பளம் மாதிரி வளையும். சக்கரம் மாட்டும் நான்கு போல்ட்டையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் தடியான திருகு வைத்துத் தள்ளும் தனிக்கருவி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் சர்ச்சில் என்ற கம்பெனி நம் ஹெரால்டு சேர்ந்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் வண்டிகளுக்கென்றே செய்துகொடுத்தது. அதைத்தான் இரண்டு மாதமாகத் தேடினேன்.

இந்த வண்டியை என் அப்பா, அதான் உன் ஐயா, எதற்கு வாங்கினார் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். அப்போது ஊரில் பாதிப் பேர் அம்பாசடர், மீதிப் பேர் பியட். ஐயாவுக்கு மட்டும் மெட்ராஸில் செய்கிற வண்டிதான் வேண்டும். வண்டலூரில் 1961 முதல் ஹெரால்டு செய்தார்கள். வடிவம் போட்டவர் மிகலாட்டி என்ற இத்தாலிக்காரர். நம்முடையது நாலு கதவு வண்டி. அது நம் நாட்டில் மட்டும்தான் வந்தது, நீ இருக்கிற ஊரில் தேடினாலும் பார்க்க முடியாது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் பின்தெருவில் ஒரே ஒடியில் திரும்புவதை ஐயா விருந்தாளிகளுக்குச் செய்தே காட்டுவார். நம் ரோட்டுக்கு ஒத்துவராத ஒரே இடம், இரண்டு பாதியாகத் தனித்தனியே ஆடும் அந்தப் பின் ஆக்ஸில்தான். அடுத்து வந்த கெஸல் காரில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸிலே போட்டுவிட்டார்கள். சரி, பழங்கதை போதும்.

காரைக்குடியில் நாலைந்து பட்டறைக்குப் போனேன். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் கவிழ்த்துத் திறந்ததும் பையன்கள் கூடி நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். கருவி என்றதும் கலைந்துவிட்டார்கள். சென்னையில் கல்யாணத்துக்குப் போனபோது, ஆத்தாவை மண்டபத்தில் விட்டுவிட்டு மதியமே புதுப்பேட்டைக்கு நழுவினேன். ஹெரால்டு என்றதும் ஒரு கடைக்காரர் உள்ளே போய் விளக்குக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து எடுத்து வந்தார். புல்லர் இல்லை. கோயம்புத்தூரில் லேத் வைத்திருப்பவர் செய்து தருகிறேன் என்றார். ஆனால் மாதிரிக்கு ஒன்று வேண்டுமாம். மாதிரி இருந்தால் நான் ஏன் அவரைக் கூப்பிடுகிறேன்!

அப்புறம்தான் முனீஸ்வரன் கோயில் தெரு. பர்மா தேக்குத் தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் குவிந்து கிடக்கிற ஒரு கடையின் மூலையில் ஒரு மூன்றுகால் புல்லர் கிடந்தது. நல்ல கனம், பழைய சீமை இரும்பு. 3,500 ரூபாய். உன் ஆத்தாவிடம் 800 என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

கெட்ட சேதி இதுதான். மூன்றுகால் புல்லர் போடக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நானே, ஒருநாள் மதியம் ஆத்தா தூங்கும்போது பின்கட்டில் உட்கார்ந்து அதைப் போட்டுவிட்டேன். கனமான புல்லர்தானே, கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம் என்று ஒரு சபலம். ஸ்பேனரில் குழாயைச் செருகித் திருகினேன். கொஞ்சம் நகர்கிற மாதிரி இருந்தது. சந்தோஷப்பட்டு இன்னும் ஒரு சுற்று. நகர்ந்தது ஹப் இல்லை. போனில் நீ கேட்டபோது 'இன்னும் கையே வைக்கலையே' என்றேன் அல்லவா? அது பொய்.

புல்லரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாங்கிக்கொள்வதாக இல்லை. வாசலில் தூண் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான், 'தேவகோட்டையில் ஒரு பாய் இருக்கார், அந்தக் காலத்து ஸ்டாண்டர்டு மெக்கானிக்' என்றார். அன்றே போனேன். பாய்க்கு எண்பது இருக்கும். மதுரையில் வேலை பார்த்த இடத்தை மூடும்போது இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாகக் கருவிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பிரித்ததும், ஓரத்தில் சர்ச்சில் என்று பொறித்திருந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாளைக்குத் தருகிறீர்களா என்றேன். 'ஐயா, இது வீட்டைவிட்டு வெளியே போகாது. வண்டி வரட்டும்' என்றார்.

முனகுகிற வண்டியைத் தேவகோட்டை வரை ஓட்ட முடியுமா? லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் ஆத்தா வாசலில் நின்று கேள்வி கேட்பாள். பட்டறைப் பையன் ஒருவனை வைத்து வண்டிக்கு முட்டுக் கொடுத்தேன். உள்பக்கம் நாலு போல்ட், ஷாக் அப்சர்வர், ஸ்பிரிங் பட்டையின் முனை, பிரேக் குழாய் எல்லாவற்றையும் கழற்றினோம். அரை ஆக்ஸில் ஹப்போடு அப்படியே கையில் வந்துவிட்டது. சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். பக்கத்துச் சீட்டு ஆச்சி கொஞ்ச நேரம் சாக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். 'உலக்கையா?' ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வண்டி ஆக்ஸில் என்று சொல்லி, தேவகோட்டை வரும்வரை விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாய் அதை வைஸில் கவ்வ வைத்து இறுக்கினார். கருவியை நான்கு போல்ட்டிலும் பூட்டி, நடுத்திருகை இறுக்கினார். குழாய் செருகி இன்னும் இறுக்கினார். திருகின் தலையில் சுத்தியலால் ஒரே ஒரு அடி. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடிப்பார் என்று பார்த்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். 'வாங்க, டீ குடிப்போம். அது பாட்டுக்கு யோசிக்கட்டும்.' எதிர்க்கடையில் பாதி டம்ளர்கூடக் குடித்திருக்க மாட்டேன். பட்டறைக்குள் 'டங்'கென்று ஒரு சத்தம், கோயில் மணி அறுந்து விழுந்த மாதிரி. நான் எழுந்து ஓடினேன். பாய் டீயை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

பேரிங்கைப் பார்த்தார், மாற்றிவிடலாம் என்றார். பிறகு ஹப்பைக் கையில் எடுத்துச் சுற்றிவிட்டு ஓரத்தைக் கண்ணால் பார்த்தார். தட்டு ஆடியது எனக்கே தெரிந்தது. 'யார் இதில மூணுகால் போட்டது?' என்றார். யாரோ ஒரு பட்டறையில் போட்டுவிட்டார்கள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தாரே, அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. லேத்தில் கொடுத்துத் தட்டின் முகத்தைச் சீவிக்கொள்ளலாமா என்று நானாகக் கேட்டேன். வளைந்ததைப் போட்டு ஓட்டாதீர்கள், சக்கரம் கழன்று போகும் என்று சொல்லிவிட்டார். கூலி எவ்வளவு என்றதற்கு டீக்காசு நீங்கள் கொடுத்தீர்களே என்றார். வலுக்கட்டாயமாக 500 ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே எனக்கு இப்போது வேண்டியது கருவி இல்லை, ஹப். பாய் தாளில் படம் போட்டு அளவெல்லாம் எழுதித் தந்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். பழையதே போதும். ஆனால் வாங்கும்போது தட்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பார், எந்தப் பக்கமும் வெளிச்சம் தெரியக்கூடாது. இரண்டு மூன்று கிலோ இருக்கும். தையில் நீ வரும்போது பேராண்டியின் ஸ்வெட்டருக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிடு. ஆத்தா பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் என் கையில் கொடுத்துவிட வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பேராண்டிக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அப்பச்சி

பி.கு.: அந்தப் புல்லரைக் கடைசியில் அதே கடைக்காரர் 1,200 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். நேற்று அந்தப் பக்கம் போனேன். துடைத்து எண்ணெய் போட்டு, பர்மாவிலிருந்து வந்தது என்று சொல்லி யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார்.