மோர்ஜிலிருந்து அம்மாவுக்கு

மோர்ஜ், சுவிஸ்
31.01.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் எல்லாற்ர சுகத்துக்கும் நல்லூரானை மன்றாடுறன். கார்த்திகையில நீங்கள் எழுதின கடிதம் போன செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. பெரியம்மா கொழும்பில வேற உறையில போட்டு அனுப்பியிருக்கிறா. 'மூண்டு மாசமாய் ஒரு வரிகூட இல்லையே மோனே' எண்டு எழுதியிருந்தீங்கள். என்ர பிழைதான் அம்மா. நாளைக்கு எழுதுவம், நாளைக்கு எழுதுவம் எண்டே நாள் போயிட்டுது.

இங்க இப்ப சரியான குளிர். ஏரிக்கரையில 'பீஸ்' எண்டு ஒரு காத்து, வடகிழக்கால வரும். அது அடிச்சால் கரையில தெறிக்கிற தண்ணி மரத்திலயும் கம்பியிலயும் அப்பிடியே ஐசாய்த் தொங்கும். நீங்கள் பின்னித் தந்த சுவெற்றரை உள்ளுக்குப் போட்டு அதுக்கு மேல கோட் போடுறன், பயப்பிடாதேயுங்கோ. பொங்கலுக்குக் கரண்ட் அடுப்பிலதான் பால் வைச்சன். பொங்கி வழிஞ்சு தகட்டில பட்டு வீடு முழுக்கப் புகை. கீழ்வீட்டு மனிசி தும்புத்தடியால முகட்டில இடிச்சா. உடுப்புத் தோய்க்கிற அறைத் திறப்பை அஞ்சு நிமிசம் பிந்திக் குடுத்ததுக்கு ஒரு கிழமை முகம் பாக்காமல் திரிஞ்ச மனிசி எண்டு முந்தி எழுதினன், அவதான். ஒரு கோப்பையில பொங்கல் கொண்டுபோய்க் குடுத்தன். அடுத்த நாள் கோப்பையைக் கழுவி, அதுக்குள்ள நாலு அப்பிள் வைச்சுக் கொண்டுவந்து தந்தா.

அந்த மனிசி 20ஆந் திகதி இரவு என்ர கதவைத் தட்டி, 'ஓட்ரி போயிட்டா' எண்டு அழுதா. நான் அவவின்ர சொந்தக்காரர் ஆரோ எண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கினது, ஓட்ரி ஹெப்பர்ன். ஐயா றீகல் தியேட்டரில பாத்த படத்தில, ஒருத்தருக்கும் சொல்லாமல் அரண்மனையை விட்டு ஓடிவந்து ரோமில ஸ்கூட்டர் ஓட்டுற இளவரசி. 1953இல வந்த 'ரோமன் ஹொலிடே', அதுக்குத்தான் ஒஸ்கார் கிடைச்சது. அவ இவ்வளவு காலமும் பக்கத்து ஊர் தொலொஷெனாவில இருந்திருக்கிறா அம்மா. மோர்ஜ் சந்தைக்குக் கூடையோட வருவாவாம். சனம் 'போன்ஜூர் மடாம்' எண்டு சொல்லிப்போட்டுத் தங்கட பாட்டில போகுமாம். 1969இல அவவின்ர ரெண்டாவது கலியாணம் மோர்ஜ் நகரமண்டபத்தில நடக்கேக்கை கீழ்வீட்டு மனிசி வாசலில நிண்டு பாத்ததாம்.

ஒரு பிஸ்கட் பெட்டி நிறையப் பேப்பர் வெட்டி வைச்சிருக்கிறா. ஒவ்வொண்டாய் எடுத்து, எனக்கு விளங்க வேணுமெண்டு மெல்ல மெல்லப் பிரெஞ்சில சொன்னா. பெல்ஜியத்தில பிறந்து, யுத்த காலத்தில ஹொலண்டில ஆர்ணெம் எண்ட ஊரில தாயோட இருந்திருக்கிறா. 1944 குளிர்காலம் ஜெர்மன்காரர் சாப்பாட்டுச் சாமான் உள்ள விடேல்லை. சனம் துலிப் பூக்கிழங்கை அவிச்சுத் திண்டிருக்குது. சண்டை முடிஞ்சு நிவாரணப் பெட்டி வந்த நேரம் அவவுக்குப் பதினாறு வயசு. ஒரு ரின்பாலை முழுசாய்க் குடிச்சு, ஓட்ஸ் கஞ்சிக்குச் சீனியை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டு, வயிறு தாங்காமல் வருத்தமாய்ப் போச்சாம். பலே ஆட்டக்காரியாய் வரத்தான் ஆசைப்பட்டவ. உயரமும் கூட, பட்டினியில உடம்பும் தேறேல்லை எண்டு லண்டனில சொல்லிப்போட்டினம். அதுக்குப் பிறகுதான் நாடகம், சினிமா. 'மை ஃபெயார் லேடி'க்கு மாசக்கணக்கில பாடப் பழகியும் முக்கால்வாசிப் பாட்டுக்கு வேற ஆளின்ர குரலைப் போட்டவங்கள் எண்டு மனிசிக்கு இண்டைக்கும் ஆறேல்லை. 1967க்குப் பிறகு கன வருசம் படமே இல்லை, பிள்ளையளைப் பாத்துக்கொண்டு இருந்திட்டா.

ஆனால் எனக்கு மனசில நிக்கிறது படமில்லை. 1988இல இருந்து யுனிசெஃபுக்காக எத்தியோப்பியா, சூடான், வங்காளதேசம் எண்டு பசியில கிடக்கிற பிள்ளையளைப் பாக்கப் போயிருக்கிறா. போன புரட்டாதியில சோமாலியா. போகேக்கையே வயித்துக்குள்ள புற்றுநோய் இருந்திருக்குது. தனக்குப் பால் வந்த பெட்டியை அவ மறக்கேல்லை அம்மா.

24ஆந் திகதி ஞாயிறு செத்தவீடு. எனக்கு வேலை இல்லை, மனிசியைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன். சின்னக் கோயில், நாங்கள் வெளியில நிண்டம். 1954இல முதல் கலியாணத்தைச் செய்து வைச்ச அதே போதகர், நல்ல வயசாளி, அவர்தான் பூசை செய்தவர். மகன்மார் ரெண்டு பேரும் பெட்டிக்குத் தோள் குடுத்தினம். அவ்வளவு சனம், ஒரு சத்தம் இல்லை. ஒப்பாரி இல்லை, பறை இல்லை. எனக்கு அம்மம்மாவின்ர செத்தவீடு ஞாபகம் வந்திட்டுது. முத்தத்தில பந்தல், நீங்கள் தலைமாட்டில இருந்து அழுதது, கிணத்தடியில நாங்கள் வரிசையாய் நிண்டு தோய்ஞ்சது. அந்தக் கிணத்துத் தண்ணி ஒரு வாளி தலையில ஊத்தினால் போதும்போல கிடந்தது. மனிசி என்ர கையை இறுக்கிப் பிடிச்சா, அப்பதான் நானும் அழுறன் எண்டு தெரிஞ்சது.

சரி, வீட்டு விசயத்துக்கு வாறன். உங்கட கடிதத்தின்ர ஓரத்தில தங்கச்சி பொடி எழுத்தில எழுதியிருக்கிறாள், நீங்கள் இரவில சாப்பிடுறேல்லையாம். கேட்டால் விரதமெண்டு சொல்லுறீங்களாம். கிழமையில ஏழு நாளும் விரதமே அம்மா? இந்த முறை 150 பிராங்தான் அனுப்புறன். குளிர்காலம், ஹோட்டலுக்கு ஆக்கள் குறைவு, எனக்கும் ஓய்வு கிடைக்குது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, குசினியில மிஞ்சிற பாணும் சீஸும் கொண்டு வருவன். சங்கிலியை இப்ப மீட்க வேண்டாம். முதல்ல அரிசியும் மாவும் வாங்குங்கோ. தங்கச்சி ஜாம் போத்தல் விளக்கில படிச்சுக் கண்ணைக் கெடுக்காமல் ரெண்டு போத்தல் மண்ணெண்ணெய் எடுங்கோ.

கிளாலிக் கடலில வள்ளத்தில போன சனத்தை நேவி சுட்டதைக் கேள்விப்பட்டு நாலு நாள் நித்திரை இல்லை. தம்பியை அந்தக் கடலால இப்ப அனுப்ப வேண்டாம். ஏஜென்சிக்காரன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் காசு குடுக்காதேயுங்கோ, நான் சொல்லுமட்டும் பொறுங்கோ.

ஐயாவுக்கு ஒண்டு. ஓட்ரியின்ர தகப்பன் அவவுக்கு ஆறு வயசில விட்டிட்டுப் போனவர். பேர் எடுத்த பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தால தேடுவிச்சு டப்ளினில போய்ப் பாத்திருக்கிறா. அந்த மனிசன் ஒட்டேல்லை. எண்டாலும் அவர் சாகுமட்டும் காசு அனுப்பினவவாம். அண்ணன் கனடாவில என்ன பாடோ தெரியாது, எழுத வெக்கப்படுறான் போல. ஐயா கோவத்தை விட்டிட்டு ரெண்டு வரி எழுதி இந்த உறைக்குள்ள வைக்கட்டும், நான் இங்கயிருந்து அனுப்புறன். விலாசம் என்னட்டை இருக்கு.

சின்ன மாமியின்ர கால் எப்பிடி? மறுமொழியில எழுதுங்கோ.

உங்கள் அன்பு மகன்